நிலநடுக்கம்: டோக்கியோ வாடகை வீட்டில் எதிலிருந்து தொடங்குவது?

கும்பகோணத்தான்

வணக்கம். நிஷி-கசாயில் ஒன்பதாவது மாடி, இரண்டு அறை வாடகை வீடு. தனியாக இருந்தவரை நிலநடுக்கத்தைப் பற்றி நான் பெரிதாக யோசித்ததில்லை. இப்போது மனைவியும் ஆறு வயது மகளும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு ராத்திரி இரண்டு போனும் ஒன்றாக அலறின. ஷிந்தோ 4 என்று போட்டார்கள் (ஓர் இடத்தில் ஆட்டம் எவ்வளவு பலமாக உணரப்பட்டது என்று சொல்லும் ஜப்பானிய அளவு). ஆனால் ஒன்பதாவது மாடியில் அது 4 மாதிரியா இருந்தது! மகள் புரண்டு படுத்துத் தூங்கிவிட்டாள், மனைவிக்கு விடியும்வரை தூக்கமில்லை. விஷயம் எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. "முதல்ல அவங்கள அனுப்பி வை" என்று அப்பா தினமும் போன் செய்கிறார்.

இணையத்தில் தேடினால் முப்பது சாமான் அடைத்த அவசரப் பை, இருபதாயிரம் யென் என்று கண்ணில் படுகிறது. வாங்கலாமா? வேறு என்ன செய்யவேண்டும்? சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நாங்கள் சைவம். மனைவிக்கு ஜப்பானிய மொழி இப்போதைக்கு "சுமிமாசென்" (மன்னிக்கவும்) அளவில்தான்.

செந்தாய் செல்வி

பையை அப்புறம் பார்க்கலாம் தம்பி. இன்று ராத்திரி படுத்த பிறகு விளக்கை அணைக்காமல் அப்படியே நாலு பக்கமும் பாருங்கள். உங்கள் மூவர்மேலும் விழக்கூடியது என்னென்ன இருக்கிறது? பீரோ, புத்தக அலமாரி, சுவரில் கண்ணாடி போட்ட சாமி படம், அலமாரி தலையில் ஏற்றி வைத்த சூட்கேஸ். இவைதான் ஆளைக் காயப்படுத்துகின்றன. சமீப காலத்து நிலநடுக்கங்களில் காயம்பட்டவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேர் வீட்டுச் சாமான் விழுந்தோ சரிந்தோ நகர்ந்தோதான் அடிபட்டார்கள் என்று டோக்கியோ தீயணைப்புத் துறையே சொல்கிறது.

2011 மார்ச் 11, பெரிய நிலநடுக்கத்தன்று நான் செந்தாய் (Sendai) நகரில்தான் இருந்தேன். பிற்பகல் 2.46. ஆட்டம் சில நிமிடம் நீடித்தது. நிற்கப்போகிறது என்று நினைக்கும்போது மறுபடி வலுத்தது. ஃபிரிட்ஜ் தானாக நடந்து வந்து சமையலறை வாசலில் குறுக்கே நின்றுகொண்டது. பாத்திர அலமாரியின் கதவு திறந்து எல்லாம் தரையில். கண்ணாடிச் சில்லு, மல்லித்தூள், நல்லெண்ணெய் மூன்றும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன, அதன்மேல் வெறுங்காலோடு நான். அன்றிலிருந்து கட்டிலுக்கடியில் ஒரு ஜோடி பழைய ஷூவும் ஒரு டார்ச்சும் கிடக்கின்றன. ஷூவைப் பையில் போட்டுக் கட்டி வையுங்கள், இல்லாவிட்டால் சில்லு அதற்குள்ளேயே போய் விழும்.

இன்னொன்று: எது விழுந்தாலும் கதவை அடைக்காதபடி சாமானைத் திருப்பி வையுங்கள். இதற்கெல்லாம் ஒரு யென் செலவில்லை.

கும்பகோணத்தான்

பார்த்தேன் அக்கா. கட்டிலின் தலைமாட்டிலேயே ஆளுயர பீரோ. அதன் தலையில் ஊரிலிருந்து வந்த கிரைண்டர், அட்டைப்பெட்டி பிரிக்காமல். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

யோகோஹாமா பாலு

கிரைண்டரை இப்போதே இறக்குங்கள், பதிலை அப்புறம் படிக்கலாம் :)

வாடகை வீட்டில் ஆணி இல்லாமல் செய்ய வழி இருக்கிறது. பீரோ தலைக்கும் கூரைக்கும் நடுவே முட்டுக் கொடுக்கிற கம்பி எல்லா ஹோம் சென்டரிலும் (மரம், கருவி, வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடை) கிடைக்கும், திருகினால் நீண்டு இறுகும். பலரும் அதைப் பீரோவின் முன்பக்க விளிம்பில் மாட்டிவிடுகிறார்கள், பிடிமானமே இருக்காது. சுவரை ஒட்டினாற்போல், இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்றாக மாட்டவேண்டும். கூரையைத் தட்டிப் பாருங்கள். பொள் என்று சத்தம் வந்தால் அது வெறும் ஜிப்சம் பலகை, உள்ளே ஒன்றுமில்லை. அங்கே கம்பிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு நீளமான மரப்பலகையைக் கொடுத்து பாரத்தைப் பரப்புங்கள். கம்பி மட்டும் போதாது. பீரோவின் முன்பக்கம் அடியில் ஆப்பு மாதிரி ஒரு பட்டையைச் செருகினால் பீரோ கொஞ்சம் சுவர்ப்பக்கம் சாய்ந்து நிற்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பலன்.

டிவி, மைக்ரோவேவ் அடியில் ஒட்டுகிற ஜெல் பட்டையை நூறு யென் கடையிலேயே பார்க்கலாம், ஆனால் அதில் எத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். பாத்திர அலமாரிக் கதவுக்குக் குழந்தைகள் திறக்காமலிருக்கப் போடுகிற கொக்கி போதும். இரும்புக் கடாய், குக்கர், இட்லிப் பானை எல்லாம் கீழ்த்தட்டில். பிளாஸ்டிக் டப்பா மேலே. நம் வீடுகளில் பெரும்பாலும் இது தலைகீழாக இருக்கும், ஏனென்றால் பெரிய பாத்திரம் என்றால் பரணுக்குப் போவது பழக்கம்.

தூணும் பீமும்

சென்னையில் கட்டட வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். பீரோவுக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: கட்டடம் எந்த ஆண்டுடையது?

ஜப்பானில் 1981 ஜூன் 1 ஒரு எல்லைக்கோடு. அன்றிலிருந்துதான் புதிய நிலநடுக்க விதிகள் அமலுக்கு வந்தன. கட்டி முடித்த தேதியைப் பார்த்து ஏமாறவேண்டாம், கட்டுவதற்கு அனுமதி கிடைத்த தேதிதான் கணக்கு. 1982இல் குடிபுகுந்த கட்டடம் பழைய விதிப்படி அனுமதி வாங்கியதாக இருக்கலாம். மரவீடு என்றால் 2000ஆம் ஆண்டில் இன்னொரு திருத்தம் உண்டு, தூணும் அடித்தளமும் சேருமிடத்தில் போடுகிற இரும்புப் பட்டைகள் வரை வரையறுத்தார்கள்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2016 குமாமோதோ நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்குள்ள மஷிகி ஊரின் மையப்பகுதி மரவீடுகளைக் கணக்கெடுத்தபோது, 1981க்கு முந்தையவற்றில் நூற்றுக்கு 28 இடிந்து விழுந்திருந்தன. 1981க்கும் 2000க்கும் இடைப்பட்டவற்றில் ஏறக்குறைய 9. அதற்குப் பிந்தையவற்றில் 2 சொச்சம். ஒரே மண், ஒரே ஆட்டம், ஆண்டு மட்டும் வேறு. 1995 கோபே நிலநடுக்கத்தில் இறந்த 6,434 பேரில் மிகப் பெரும்பாலோர் அதிகாலையில் படுக்கையிலேயே வீட்டுக்கடியில் சிக்கியவர்கள். அவர்களிடம் அவசரப் பை இருந்திருந்தாலும் எடுக்க ஆள் இருந்திருக்காது. 2024 புத்தாண்டன்று நோத்தோவிலும் விழுந்தவற்றில் பழைய மரவீடுகளே அதிகம்.

கும்பகோணத்தான்

ஒப்பந்தத் தாளில் 1983 என்று இருக்கிறது சார். கான்கிரீட்.

தூணும் பீமும்

எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. உயரமான கட்டடம் கட்ட இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பதால் அனுமதி பழைய விதியில் வாங்கியிருக்க வாய்ப்புண்டு. பயப்படவேண்டாம், பழையது என்றாலே பலவீனம் என்று அர்த்தமில்லை, பிற்பாடு பலப்படுத்தியும் இருக்கலாம். குடியிருப்பு நிர்வாக அலுவலகத்தில், நிலநடுக்கத் தாங்குதிறன் பரிசோதனை நடந்திருக்கிறதா, முடிவு என்ன என்று நேராகக் கேளுங்கள். அங்கே யாரும் இதை விசித்திரமாக நினைக்கமாட்டார்கள்.

முனிர்காவாசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் தில்லி. 2025 பிப்ரவரி 17 காலை 5.36க்கு இங்கே ஒரு உலுக்கு. மேக்னிட்யூட் (நிலநடுக்கத்தின் மொத்த ஆற்றல் அளவு, ஷிந்தோ அல்ல) 4.0தான், ஆனால் மையம் தௌலா குவான், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். தெருவே லுங்கியும் நைட்டியுமாக வெளியே நின்றது. நாங்களும் மூன்று மாடி ஓடி இறங்கினோம். நீங்கள் எல்லோரும் உள்ளேயே இரு என்பது போலப் பேசுகிறீர்களே? எனக்கு வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியில், மேசைக்கு அடியில் போனால் நசுங்கிவிடுவோம், கட்டிலுக்கோ சோபாவுக்கோ பக்கத்தில் சுருண்டு படுத்தால் முக்கோணமாக ஒரு இடைவெளி கிடைத்துப் பிழைப்போம் என்று இருக்கிறது. படத்தோடு. அது சரியா?

தூணும் பீமும்

அந்த முக்கோணக் கதை பல வருஷமாகச் சுற்றுகிறது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கமும் நிலநடுக்கத் துறை ஆட்களும் மறுத்தாயிற்று, ஆனாலும் சாகமாட்டேன் என்கிறது. அதிலுள்ள ஓட்டை எளிது: ஆட்டத்தின்போது அந்த சோபா இருந்த இடத்தில் இருக்காது. கனமான சாமான் பக்கவாட்டில் ஓடும். அதன் பக்கத்தில் படுப்பது, ஓடுகிற வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் படுப்பது மாதிரி. முழுக் கட்டடம் அப்பளமாக நொறுங்குவதைவிட விளக்கு, அலமாரி, கூரைப் பூச்சு, கண்ணாடி தலையில் விழுவதுதான் பல மடங்கு அதிகம் நடப்பது. அதற்கு மேசை போதும். குனி, மேசைக்கடியில் போ, மேசைக்காலைப் பிடித்துக்கொள். பிடித்துக்கொள்வது முக்கியம், மேசையும் நகரும். மேசை இல்லையென்றால் உள்சுவர் ஓரமாகக் குந்தி, தலையணையோ கைகளோ தலைக்கு மேல். வாசல் நிலைக்கடியில் நிற்பது அந்தக் காலத்து மண்சுவர் வீட்டுக்குச் சொன்னது, இன்றைய ஃபிளாட்டில் கதவு ஆடி விரலை நசுக்கும், அவ்வளவுதான்.

இப்போது ஓடுவது. கோபேயில் பலத்த ஆட்டம் இருபது வினாடிக்குள் அடங்கியது. மூன்று மாடி இறங்க எவ்வளவு நேரம்? ஆட்டத்தின் உச்சத்தில் மாடிப்படியில்தான் இருப்பீர்கள், அதுதான் மோசமான இடம். வெளியே போனால் கைப்பிடிச் சுவர், ஏசி வெளி யூனிட், ஜன்னல் கண்ணாடி எல்லாம் கட்டடத்தை ஒட்டிய அந்தச் சில அடியில்தான் விழும். 2018இல் ஒசாக்காவுக்குப் பக்கம் தகத்சுகியில் பள்ளிக்கூட நீச்சல்குளத்துச் சுவர் சரிந்து ஒன்பது வயதுச் சிறுமி இறந்துபோனாள். அவள் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தவள்.

எப்போதும் உள்ளேதான் என்றும் சொல்லமாட்டேன். தரைத்தளம், நாலு எட்டில் திறந்தவெளி, வீடோ கல்லையும் மண்ணையும் அடுக்கிக் கூரைமேல் மண் கொட்டியது என்றால் வெளியே போ என்பதே சரி. 1993இல் லாத்தூரில் அப்படிப்பட்ட வீடுகளின் கல்சுவர்கள்தான் தூங்கியவர்கள்மேல் விழுந்தன. அது 6.2தான். எண் சின்னதாக இருந்தாலும் வீடு எப்படிக் கட்டியது என்பதில் இருக்கிறது விஷயம்.

முனிர்காவாசி

> அதற்கு மேசை போதும்.

சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜப்பான் கட்டடத்தில் மேசை போதும். எங்கள் வீடு கீழே முழுக்க கார் நிறுத்துமிடம், நாலு பக்கமும் தூண் மட்டும், மேலே நான்கு தளம். பில்டர் யாரென்றே இன்றைய உரிமையாளருக்குத் தெரியாது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டால் மேசையோடு சேர்ந்து பார்க்கிங்குக்குப் போவேன்.

தூணும் பீமும்

கோபம் எதற்கு, நீங்கள் சொல்வது நியாயம். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் ஏன் அடுக்குமாடிகள் விழுந்தன என்று பார்த்தால் இதே ஸ்டில்ட் பார்க்கிங்தான் பெரிய காரணம். மேல்தளங்களில் செங்கல் சுவர் இருப்பதால் அவை பெட்டி மாதிரி விறைப்பாக நிற்கின்றன. கீழே சுவர் இல்லை, அத்தனை வளைவையும் அந்தத் தளத்துத் தூண்களே வாங்கவேண்டும். தூணின் தலையும் காலும் உடைந்து மொத்தமும் உட்கார்ந்துவிடும். தூணுக்குள் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற ரிங் கம்பி நெருக்கமாக இருக்கவேண்டும், அதன் கொக்கி 135 டிகிரி உள்நோக்கி மடிந்திருக்கவேண்டும். 90 டிகிரியில் மடித்தால் மேல்பூச்சு உதிர்ந்ததும் ரிங் திறந்துகொள்ளும். சைட்டில் இதற்காகக் கம்பி கட்டுபவர்களோடு நான் போடாத சண்டை இல்லை, மடிக்கக் கஷ்டம், விட்டுவிடு சார் என்பார்கள்.

அப்படிப்பட்ட கட்டடத்திலும் ஓடி இறங்குவது தீர்வல்ல, ஏனென்றால் இறங்கிப் போய்ச் சேருவது அந்தப் பார்க்கிங்கில்தான். ஆட்டத்துக்கு முன்னால் செய்யவேண்டிய வேலை அது. குடியிருப்போர் சேர்ந்து ஒரு பொறியாளரை வைத்துப் பார்த்தால், கார் நுழையாத பக்கங்களில் கான்கிரீட் சுவர் எழுப்பலாம், தூண்களைச் சுற்றிக் கம்பி கட்டிப் பருமனாக்கலாம். செலவுதான், ஆனால் எல்லோரும் வருஷாவருஷம் பெயிண்ட் அடிக்கப் பணம் போடத்தானே செய்கிறார்கள். தில்லி 2002 வரைபடத்தில் நான்காம் மண்டலம், சென்னையே மூன்றாம் மண்டலம். சென்னைக்கு என்ன வரப்போகிறது என்பவர்களுக்கு, 2001 செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் 5.5 வந்ததை நினைவூட்டுகிறேன்.

வாடகைக்கு இருப்பவர் என்றால் அடுத்த வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா என்று கேட்பதோடு கீழே சுவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவரை பீரோவைச் சுவரோடு கட்டுங்கள். ஆட்டம் நின்றதும் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படியில் இறங்குங்கள்.

நிலாவின் அம்மா

தில்லி விவாதம் தனி இழையாகப் போகட்டும் :) கும்பகோணத்தாரின் மனைவிக்காக எழுதுகிறேன். நானும் இங்கே வந்தபோது "சுமிமாசென்" கோஷ்டிதான்.

இந்த இழையில் எல்லோரும் கணவரிடமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பகலில் வந்தால் அவர் வீட்டில் இருக்கமாட்டார். 2011இல் ரயில் எல்லாம் நின்று டோக்கியோ சுற்றுவட்டாரத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று வீடு திரும்ப வழியில்லாமல் நின்றார்கள். அதற்குப் பிறகு டோக்கியோவில் சட்டமே போட்டார்கள், 2013 ஏப்ரலில் அமலுக்கு வந்தது: நிறுவனங்கள் ஊழியரை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே தங்கவைக்க முயலவேண்டும், மூன்று நாளுக்கான தண்ணீரும் சாப்பாடும் வைத்திருக்கவேண்டும். ஆக, முதல் ராத்திரி அம்மாவும் குழந்தையும் மட்டும்தான் என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் யோசியுங்கள். டார்ச் எங்கே, மெயின் ஸ்விட்ச் எங்கே, தஞ்சம் புக எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருக்கவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் அந்தப் பள்ளிக்கூடம் வரை நடந்து போய்ப் பாருங்கள், வழியில் எங்கெங்கே பழைய மதில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே.

மகள் பள்ளியில் சேர்ந்திருந்தால் நாற்காலியில் ஒரு பஞ்சுத் திண்டு போடச் சொல்லியிருப்பார்கள். அது திண்டு இல்லை, அவிழ்த்தால் தலைக்கு மாட்டுகிற முக்காடு. பள்ளியில் குழந்தையை யார் வந்து கூட்டிப்போகலாம் என்று ஒரு தாள் தருவார்கள், அதில் பெயர் இல்லாதவரிடம் குழந்தையை விடமாட்டார்கள். உங்கள் இருவர் பெயரோடு பக்கத்தில் நம்பிக்கையான ஒரு குடும்பத்தின் பெயரும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒப்படைக்கும் ஒத்திகை நடக்கும், மீட்டிங் என்று சொல்லித் தட்டிக்கழிக்காதீர்கள் அப்பாக்களே.

செந்தாய் செல்வி

நிலா அம்மா சொன்னதோடு தொடர்பு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய நிலநடுக்கம் வந்தால் குரல் அழைப்பு போகாது. குரல் செய்தியைப் பதிந்து வைக்கவும் கேட்கவும் 171 என்ற எண் அப்போது திறக்கும்: 171 அடித்து, பதிய 1, கேட்க 2, அப்புறம் நீங்கள் முன்பே பேசிவைத்த தொலைபேசி எண். முப்பது வினாடி பேசலாம். மாதம் 1, 15 தேதிகளில் பழகிப் பார்க்கத் திறந்து விடுகிறார்கள். குரல் வழிகாட்டல் ஜப்பானிய மொழியில் வரும், அதனால் இப்போதே இரண்டு தடவை செய்து பார்த்தால்தான் அன்றைக்குக் கை போகும்.

வாட்ஸ்அப் செய்தி பெரும்பாலும் தாமதமாகவாவது போகும். இருவரும் ஒருவரையொருவர் தேடாமல், இரண்டு பேருமே தூரத்திலுள்ள ஒரே ஆளுக்குச் செய்தி அனுப்புவது நல்ல வழி. உங்கள் அப்பாவை அந்த ஆளாகப் போடுங்கள். தினமும் போன் செய்து பயப்படுபவருக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரியும் ஆயிற்று.

கவாசாகி கோமதி

சைவச் சாப்பாடு பற்றிக் கேட்டிருந்தாரே, யாரும் கண்டுகொள்ளவில்லை.

அந்த இருபதாயிரம் யென் பையை வாங்காதீர்கள். அதிலுள்ள சாப்பாட்டில் பாதி நமக்கு ஆகாது, சாதப் பொட்டலத்திலேயே மீன் சாறோ கோழிச் சாறோ இருக்கும். வெறும் வெள்ளைச் சாதம் உலர்த்தி அடைத்தது தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். வெந்நீர் ஊற்றினால் பதினைந்து நிமிடம், பச்சைத் தண்ணீர் என்றால் ஒரு மணி நேரம், சாதம் தயார். அதன்மேல் புளிக்காய்ச்சல் கலந்தால் புளியோதரை. பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும், தக்காளித் தொக்கு, ஊறுகாய் என்று நம் வீட்டில் எப்போதுமே அவசரச் சாப்பாடு இருக்கத்தான் செய்கிறது. கெட்டி அவல் இரண்டு கிலோ வைத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரில் ஊறும், அடுப்பே வேண்டாம், வெல்லம் போட்டால் குழந்தையும் சாப்பிடும். ஐந்து வருஷம் கெடாத பிஸ்கட்டை வாங்கி மூலையில் வைப்பதைவிட, தினமும் சாப்பிடுவதையே ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி, பழையதை எடுத்துப் புதியதைப் பின்னால் வைத்துக்கொண்டே வரலாம்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர். மூன்று பேருக்கு ஒரு வாரம் என்றால் 63 லிட்டர். இரண்டு லிட்டர் பாட்டில் ஆறு அடங்கிய பெட்டியாக ஆறு பெட்டி. லிஃப்ட் ஓடுகிற காலத்திலேயே மேலே ஏற்றிவிடுங்கள்.

அடுப்புக்கு மேசைமேல் வைக்கிற கேஸ் குப்பி அடுப்பு. ஒரு குப்பி முழுத் தீயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரும். கவனிக்கவேண்டியது, நம் பெரிய தோசைக்கல்லை அதில் வைக்காதீர்கள். கல் குப்பி இருக்கும் பக்கம்வரை நீண்டு மறைத்தால் சூடு குப்பிமேல் இறங்கி வெடிக்கும். ஜப்பானியர்கள் இறைச்சி வாட்டும் பெரிய தட்டுகளை வைத்து இப்படி விபத்து நடந்திருக்கிறது, அடுப்பிலேயே எச்சரிக்கைப் படம் போட்டிருக்கும். சின்னக் குக்கர், சின்ன வாணலி, ஜன்னலைத் திறந்து வைத்து.

உராயாசு ரவி

சாப்பாட்டைப் பேசினீர்கள், மறுபக்கத்தைப் பேசவில்லை.

2011இல் டோக்கியோ விரிகுடாக் கரையிலுள்ள ஷின்-உராயாசுவில் எங்கள் கட்டடத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. கீழே வந்து பார்த்தால் நடைபாதைப் பிளவிலிருந்து சாம்பல் நிறத்தில் மணலும் தண்ணீரும் கொதிக்கிற மாதிரி வந்துகொண்டிருந்தன. கடலைத் தூர்த்த நிலம். மேன்ஹோல் மூடிகள் தரைக்கு மேலே குழாயோடு எழும்பி நின்றன. கழிவுநீர்க் குழாய் தெருவுக்குத் தெரு உடைந்து, வாரக்கணக்கில் கழிப்பறையைப் பயன்படுத்த முடியவில்லை. நிஷி-கசாயும் அந்தக் கரையோரம்தான்.

பலரும் குளியல் தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு ஊற்றினால் ஆயிற்று என்று நினைக்கிறார்கள். கீழே குழாய் உடைந்திருந்தால் ஒன்பதாவது மாடியில் நீங்கள் ஊற்றியது கீழ்த்தளத்துக்காரர் வீட்டில் பொங்கும். நிர்வாகம் சரி என்று சொல்லும்வரை ஊற்றவே கூடாது. அதற்கென்று பையும் கெட்டிப்படுத்துகிற தூளும் விற்கிறார்கள். கழிப்பறைத் தொட்டியில் முதலில் ஒரு சாதாரணப் பையை மாட்டி அதன்மேல் இதை மாட்டவேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் அடிப்பக்கம் நனைந்து வீடெல்லாம் சொட்டும். ஆளுக்கு நாளுக்கு ஐந்து தடவை என்று கணக்கு, மூவருக்கு ஒரு வாரம் என்றால் 105. நூறு அடங்கிய பெட்டி ஒன்று வாங்கினால் ஏறக்குறைய போதும்.

யோகோஹாமா பாலு

ஒன்பதாவது மாடிக்கு ரவி சொன்னதுதான் தலையாயது. லிஃப்ட் பழுதுபார்க்கிற ஆட்கள் வந்து பார்க்கும்வரை லிஃப்ட் ஓடாது. லிஃப்டுக்குள் இருக்கும்போது ஆட்டம் வந்தால் எல்லா மாடிப் பொத்தானையும் அழுத்தி, நிற்கிற மாடியில் இறங்கிவிடுங்கள்.

கும்பகோணத்தான்

ஒரு சந்தேகம். ஆட்டம் வந்ததும் முதலில் ஓடிப்போய் அடுப்பை அணைக்கவேண்டுமா? மனைவி கேட்கச் சொன்னாள். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தால்?

செந்தாய் செல்வி

அந்தக் காலத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். 1923 செப்டம்பர் 1, டோக்கியோ வட்டாரத்துக் கான்தோ நிலநடுக்கம் பகல் 11.58க்கு, எல்லா வீட்டிலும் மதிய அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். ஒரு லட்சத்துக்கும் மேல் இறந்ததில் பெரும்பங்கு தீ. அந்தப் பயம் இங்கே தலைமுறைகளாக உண்டு. இப்போது பலத்த ஆட்டம் என்றால் கேஸ் மீட்டர் தானே அடைத்துக்கொள்ளும், அதனால் முதலில் அடுப்பைவிட்டு விலகு, கொதிக்கிற எண்ணெய் மேலே கொட்டாமல் பார், நின்ற பிறகு அணை என்கிறார்கள். கை நீட்டினால் எட்டும், ஆட்டம் லேசு என்றால் அணைத்துவிடலாம்.

மீட்டர் அடைத்த பிறகு கேஸ் வரவில்லையே என்று பயந்து போன் போடவேண்டாம். வாசலுக்கு வெளியே குழாய் அலமாரியில் மீட்டர் இருக்கும். கேஸ் வாசனை இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, வீட்டில் எல்லா கேஸ் கருவிகளையும் மூடி, மீட்டரின் மீள்பொத்தானை நன்றாக அழுத்தி விடுங்கள். சிவப்பு விளக்கு மினுக்கும். மூன்று நிமிடம் எதையும் தொடாமல் காத்திருந்தால் மினுக்கல் நின்று கேஸ் வரும். வாசனை வந்தால் இது எதுவும் செய்யாதீர்கள், மின்விசிறி சுவிட்சைக்கூடத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள்.

வீட்டைவிட்டுக் கிளம்பினால் மின்சார மெயினை இறக்கிவிட்டுப் போகவேண்டும். கோபேயில் காரணம் தெரிந்த தீவிபத்துகளில் பாதிக்கும் மேல் மின்சாரத்தால் வந்தவை. கவிழ்ந்த ஹீட்டர் துணிமேல் கிடக்கும், கரண்ட் திரும்ப வரும், வீட்டில் ஆளிருக்காது.

தூணும் பீமும்

அதோடு, முதல் ஆட்டம் ஓய்ந்தது என்று பழைய வீட்டுக்குள் தூங்கப் போகாதீர்கள். குமாமோதோவில் 2016 ஏப்ரல் 14 இரவு 6.5. முடிந்தது என்று வீடு திரும்பியவர்கள் இருந்தார்கள். 16ஆம் தேதி நள்ளிரவு தாண்டி 7.3. மஷிகியில் இரண்டுமே ஷிந்தோ 7. முதலாவது முன்னோட்டம் என்பது இரண்டாவது வந்த பிறகுதான் தெரிந்தது.

நிலாவின் அம்மா

வாங்குவதையெல்லாம் இப்போதே வாங்கிவிடுங்கள். 2024 ஆகஸ்ட் 8இல் ஹியுகா கடலில் 7.1 வந்து, ஜப்பானின் தெற்குக் கடலடியிலுள்ள நன்காய் அகழியில் பெருநிலநடுக்கம் வரலாம், கவனம் என்ற தகவலை முதன்முறையாக வெளியிட்டார்கள். மறுநாள் நான் கடைக்குப் போனால் தண்ணீர் அடுக்கு காலி. அது முடிந்து ஒரு மாதத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள், வாங்க ஆளில்லை.

வாடகை வீட்டின் தீக்காப்பீட்டை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். நிலநடுக்கத்தால் வந்த தீக்குக்கூட அதில் பணம் வராது. நிலநடுக்கக் காப்பீட்டைத் தனியாக வாங்க முடியாது, தீக்காப்பீட்டோடு சேர்த்துத்தான் எடுக்கவேண்டும், அந்தத் தொகையில் 30 முதல் 50 சதவீதம்வரை. வாடகைக்காரர் வீட்டுச் சாமானுக்கு எடுக்கலாம்.

கும்பகோணத்தான்

எல்லோருக்கும் நன்றி. இதை முழுக்க மனைவிக்கு உரக்க வாசித்தேன். கிரைண்டர் தரைக்கு வந்துவிட்டது, கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டோம், அவல் நாளை. அப்பாவிடம் நீங்கள்தான் செய்தி மையம் என்றேன். ஒரு நோட்டு வாங்கி எங்கள் எண்கள், முகவரி, பள்ளியின் பெயர் எல்லாம் எழுதிக்கொண்டாராம். இன்று காலை "டெஸ்ட் மெசேஜ் இன்னும் வரலியே" என்று போன்.

முட்டுக் கம்பி மட்டும் பாக்கி. எந்த அளவு வாங்குவது?

யோகோஹாமா பாலு

வாங்காதீர்கள். நான் அடுத்த மாதம் கோவைக்கே திரும்புகிறேன், என்னிடம் நாலு கம்பி சும்மா கிடக்கப்போகிறது. பீரோ தலைக்கும் கூரைக்கும் எவ்வளவு இடைவெளி, அளந்து சொல்லுங்கள். என்னிடம் இருப்பது 30லிருந்து 40 சென்டிமீட்டர் வரை நீளும்.

கும்பகோணத்தான்

44 வருகிறது பாலு.

யோகோஹாமா பாலு

நல்லதாயிற்று, எப்படியும் மேலே பலகை வைக்கவேண்டும். ஐந்து சென்டிமீட்டர் தடிமனில், பீரோ அகலத்துக்கு வெட்டி வாங்கி வையுங்கள், ஹோம் சென்டரிலேயே வெட்டித் தருவார்கள். மீதி 39, கம்பி சரியாக இறுகும். சனிக்கிழமை சாயங்காலம் நிஷி-கசாய் நிலையத்துக்கு எடுத்து வருகிறேன்.